கசெட்டின் மறுபக்கம்

என் கைத்தொலைபேசிக்கு இப்போது என்மேல் மரியாதை கூடிவிட்டது. எதைத் தொட்டாலும் என் அனுமதியைக் கேட்கிறது. உன் படங்களைப் பார்க்கலாமா, உன் குரலைக் கேட்கலாமா, நீ நிற்கும் இடத்தை யாருக்காவது சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் உன் பிரைவசி எங்களுக்கு முக்கியம் என்று ஒரு வரியும் போடுகிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஐம்பத்துநாலு வயதில் என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? சீனி வருத்தமும் முழங்கால் நோவும்தான். அந்தக் கேள்வியை எனக்குப் பத்து வயதாக இருந்தபோது யாராவது கேட்டிருக்க வேண்டும். அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். லீவில் வீட்டுக்கு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கதைப்பாள். யார் என்று கேட்டால், "அது பிரைவேட் அம்மா" என்பாள். போன மாதம் ஒரு மத்தியானம், சோற்றுக்கு மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"எல்லாத்துக்கும் பிரைவேட் எண்டுறாயே, அந்தச் சொல்லு எங்க இருந்து வந்தது எண்டு தெரியுமா மகள்?"

சண்டைக்குத்தான் கேட்டேன். அவளோ பாடம் என்று எடுத்துக்கொண்டாள். நமக்குத் தெரிந்த பிரைவேட் எல்லாம் என்ன? பிரைவேட் பஸ், பிரைவேட் கிளாஸ், பிரைவேட் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தை விட்டபிறகு பிரைவேட்டாகச் சோதனை எடுப்பது. பட்டாளத்தில் எல்லாருக்கும் கீழே நிற்கிற சிப்பாய்க்கும் அதுதான் பெயராம். ரோமாபுரிக்காரரின் பழைய பாசையிலிருந்து வந்த சொல் என்றாள். ஊர்ப்பொது அலுவலில் பங்கில்லாமல் தனியே நிற்கிறவனை அவர்கள் அப்படிச் சொன்னார்களாம். தனக்கென்று ஒரு பதவியும் இல்லாதவன்.

"இன்னொண்டு தெரியுமா அம்மா? ஒருத்தரிட்ட இருந்து ஒண்டப் பறிக்கிறதுக்குச் சொல்ற சொல்லும் இதே வேருதான். பழைய காலத்தில கக்கூசுக்கும் இங்கிலீசில இதே வேரில ஒரு பேர் இருந்தது."

கக்கூசு என்றதும் அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். பறிப்பதும் கக்கூசும் ஒரே சொல்லுக்குள் வந்து நின்றதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். என் வயதுக்காரர்களுக்குத்தான் இது விளங்கும், ஏனென்றால் கசெட் என்றால் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும்.

பாட்டுக் கசெட்டைச் சொல்லவில்லை. பேச்சுக் கசெட்டைச் சொல்கிறேன். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பேசி அனுப்புவார்களே, அது. எழுதத் தெரிந்தவர்களும் பேசித்தான் அனுப்பினார்கள், ஒரு மணித்தியாலம் குரலைக் கேட்கலாம் என்பதால். தபாலில் போட மாட்டார்கள். லீவில் வருகிற யாராவது பெட்டிக்குள், சோப்புக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதனால் எல்லாக் கசெட்டும் சோப்பு மணக்கும்.

அம்மா குவைத்துக்குப் போனது நாங்கள் மாரி வேளாண்மைக்கு விதைத்து முடித்த கிழமை. எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். விதைப்பு முடிந்தால் அப்பா வயல் வாடிக் குடிசையிலேயே தங்கிவிடுவார், சனி ஞாயிறில் நான் தோணியில் போய்ப் பார்ப்பேன். வீடு அம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணத்தோடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தன் வீட்டுக்கு ஓடு போடுவதற்காக அம்மா அந்த வீட்டை விட்டுப் போனார். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை, என் சின்னம்மா வந்து இருந்தார்.

அம்மா போன மறுநாள் விடிந்தபோது நான் படுத்திருந்த பன்பாய் நனைந்திருந்தது. பத்து வயதில். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

சின்னம்மா ஒரு சொல் ஏசவில்லை. பாயைச் சுருட்டி எடுத்துக் கிணற்றடியில் கழுவி, ரோட்டுப் பக்கம் தெரியாமல் பின் வளவு வேலியில் காயப் போடுவார். "என்ன புள்ள, ஒவ்வொரு நாளும் பாய் கழுவுறாய்?" என்று யாராவது வேலிக்கு மேலால் கேட்டால், "மூட்டைப் பூச்சி" என்பார். எங்கள் வீட்டில் மூட்டைப் பூச்சி இருக்கிறதென்று ஊர் முழுக்கக் கதை பரவியது. சின்னம்மா அதையும் தாங்கிக்கொண்டார்.

அந்தக் கிழமைகளில்தான் நான் அந்தச் சொல்லை முதல்முதல் பார்த்தேன். இருமலுக்கு மருந்தெடுக்கச் சின்னம்மாவோடு டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். வரிசை நகரவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் போய்ப் பின்னால் இருந்த ஒரு பச்சைக் கதவைத் தள்ளினேன். உள்ளே நோய் பார்க்கிற அப்போதிக்கரி சாரத்தோடு நிலத்தில் குந்தியிருந்து, முழங்கை வரை பிசின் வழியப் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் களிசானோடு விறைப்பாக நிற்கிற பெரிய மனிதரை அப்படிக் கண்டதில் நான் அப்படியே நின்றுவிட்டேன். மருந்து கலக்குகிறவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கதவில எழுதிக் கிடக்கிறது தெரியல்லயா? பிரைவேட். இதுக்குள்ள ஒருத்தரும் வரப்படாது."

கதவில் வெள்ளை மையால் ஏழு ஆங்கில எழுத்துகள். ஒரு நாய் செய்யும் வேலையை ஏழு எழுத்துச் செய்கிறது என்பது எனக்குப் பெரிய அதிசயம். எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்ளே சாத்திப் பூட்டக் கொண்டி இல்லை. குளிப்பது கிணற்றடியில், அழுவது விறாந்தையில், சண்டை முற்றத்தில். அந்த எழுத்துகளை விரலால் உள்ளங்கையில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எதிர்வீட்டு மாமி எங்கள் அம்மாவுக்கு ஒரு வருடம் முந்தியே குவைத்துக்குப் போனவர். அம்மாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். இரண்டு பேரும் அக்கா தங்கை இரண்டு எசமானிகளின் வீடுகளில் வேலை செய்தார்கள், நடுவில் ஒரு மதில்தான். மாமி அனுப்பிய பெரிய கசெட் ரேடியோ எதிர்வீட்டு மாமாவிடம் இருந்தது. ஊரில் யாருக்குக் கசெட் வந்தாலும் அவர் முற்றத்து மாமரத்தடியில்தான் போடுவது. மர வாங்கில் பெரியவர்கள், பாயில் பெண்கள், மண்ணில் நாங்கள். கசெட்டை யாரும் வீட்டுக்குள் வைத்துத் தனியாகக் கேட்கக்கூடாது. அப்படி ஒரு சட்டம் இல்லைதான். ஆனால் ஒரு வீட்டார் கசெட்டை மூடி வைத்தால், அங்கே போன பெண்ணுக்கு ஏதோ நடந்துவிட்டது, இல்லாவிட்டால் அவள் ஏதோ செய்துவிட்டாள் என்று ஊர் கதைக்கும். பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் குரலை எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம்.

நாங்கள் மாமாவின் ரேடியோவை எங்கள் வீட்டுக்கு வாங்கிவந்து அம்மாவுக்கு முதல் கசெட் பேசிய நாளில் அப்பா வயலில் இருந்து வந்திருந்தார். குவைத் தூரம் என்பதால் அவர் கத்தித்தான் பேசினார்.

"நாங்க எல்லாரும் சுகம்! பயிர் நல்லாக் கிடக்கு! பசு கண்டு போட்டுட்டு!"

அயலவர்களும் வந்து ஆளுக்கொரு சொல் பேசினார்கள். என் முறை வந்தபோது, நான் நன்றாகப் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் போனபிறகு சின்னம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மத்தப் பக்கத்தில நான் மட்டும் கதைக்கவா?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். என்ன கதைக்கப் போகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்கும். ரேடியோவைத் தூக்கிக்கொண்டுபோய் நெல்மூட்டை அடுக்கிய அறையில் வைத்து, கசெட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்திவிட்டு வெளியே போனார். வாசலில் அவர் நிழல் தெரிந்தது. யாரோ வந்து எதையோ கேட்க, "ஒள்ளுப்பம் பொறு, உள்ளுக்க நெல் அளக்குறாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது எனக்குக் கேட்டது.

நான் சொன்னது இவ்வளவுதான்:

"அம்மா, நான் பாய நனைக்கிறன். ஒவ்வொரு நாளும். நீங்க போன அண்டையில இருந்து. சின்னம்மாக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க அம்மா. நீங்க வந்தா அது நிண்டிரும்."

பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். அழுகையும் பதிந்திருக்கும். கசெட்டை எடுத்து மறுபக்கத்து ஒட்டுத்தாளில் குமிழ்முனைப் பேனையால் அந்த ஏழு எழுத்துகளையும் எழுதினேன். பச்சைக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. இனி அம்மாவைத் தவிர யாரும் உள்ளே வர முடியாது.

இரண்டு மாதம் போயிருக்கும். பயிர் கதிர் வெளிவருமுன் குடலையில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எதிர்வீட்டு மாமியின் கசெட் வந்திருக்கிறது என்று மாமா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஊரே மாமரத்தடியில் கூடியது. நான் முன்வரிசையில் மண்ணில் இருந்தேன், மாமி என் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்ற ஆசையில். சொன்னார்.

"இஞ்சருங்க, எதிர்வீட்டுச் சின்னவளுக்கு எள்ளுருண்டை புடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. பாவம் புள்ள, தாய் இஞ்ச வந்த நாளில இருந்து பாய நனைக்குதாம். கசெட்டில அழுதழுது சொல்லியிருக்கு. தாய்க்காரி அதக் கேட்டுட்டு ரெண்டு நாளாச் சாப்பிடல்ல. எள்ளு அதுக்கு நல்ல மருந்து. பனங்கட்டி போட்டு ஒள்ளுப்பம் பெரிசாப் புடிக்கச் சொல்லுங்க."

மாமி அடுத்ததாகத் தன் ஆடுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஆட்டைப் பற்றிச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பாயில் இருந்த பெண்கள், வாங்கில் இருந்த ஆண்கள், என் வகுப்புப் பிள்ளைகள், எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பின்னால் யாரோ ஒரு பையன் மூக்கால் சிரித்தான். நான் எழும்பினேன். சட்டையின் பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டுதான் எழும்பினேன், அங்கே ஒன்றும் இல்லாதபோதும். வாவிக்கரை வரைக்கும் ஓடினேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

"வாய்க்கால் வருது, வரம்பக் கட்டுங்கடா!"

நல்ல பெயர்தான். வேளாண்மை செய்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறென்ன வரும்? எனக்குக் கலியாணம் முடிந்த பிறகும் சந்தையில் ஒருவன் என்னை அப்படிக் கூப்பிட்டான்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக அன்பு காட்டினார்கள். அந்தக் கிழமைக்குள் ஏழு வீட்டிலிருந்து எள்ளுருண்டை வந்தது. கிண்ணத்தில், வாழையிலையில், பேரீச்சம்பழம் வந்த தகரப் பெட்டியில். கொண்டுவந்த ஒவ்வொருவரும் என் தலையைத் தடவி, "இப்ப எப்படிப் புள்ள?" என்று கேட்டார்கள். மாமரத்தடிச் சம்பவத்துக்குப் பிறகு என் பாய் ஒருநாளும் நனையவில்லை. கோபத்தில் நின்றது அது. எள்ளுருண்டையால் நின்றது என்று ஊர் சொன்னது. இன்றுவரைக்கும் நான் எள்ளுருண்டை தின்பதில்லை.

அப்பா வயலில் இருந்து வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு என்னைத்தான் ஏசினார். "கஷ்டப்படப் போன மனிசிக்கு இதெல்லாம் ஏன் சொன்ன நீ?" அவருக்குத் தன் வீட்டுக் குறை ஊருக்குத் தெரிந்த வெட்கம். சின்னம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல புள்ள. சத்தியமா."

"தெரியும். அம்மாதான் சொன்னது."

அம்மாவுக்குச் சொன்னேன், மாமிக்குத் தெரிந்திருக்கிறது. நடுவில் வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவும் மாமியும் சேர்ந்திருந்து என்னைச் சொல்லிச் சிரிப்பதாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க அது உண்மையாகிவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னதும் என் காதில் விழுந்ததுதான். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு சனத்தையும் விட்டுவிட்டு அம்மா ஒருத்தியை நம்பினேன், அந்த அம்மாவே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன தெரியும்?

பயிர் கதிர் தள்ளத் தொடங்கியபோது அம்மாவின் கசெட் வந்தது. ஒரு பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறுபக்கத்தில் என் ஏழு எழுத்துகள். ஆங்கிலம் தெரியாத அம்மா, நான் எழுதி அனுப்பியதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார். கோடுகள் நடுங்கியிருந்தன, ஓர் எழுத்துத் திரும்பி நின்றது.

மாமரத்தடியில் முதல் பக்கத்தைப் போட்டார்கள். நான் சின்னம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவின் குரல் எல்லாருக்கும் சுகம் சொன்னது. அப்பாவை மருந்தை ஒழுங்காகக் குடிக்கச் சொன்னது, பசுக்கன்றுக்குப் பெயர் வைத்தது. என் பெயரைச் சொல்லி, "மகள், மத்தப் பக்கம் உனக்குத்தான்" என்று மட்டும் சொல்லி முடிந்தது. எதிர்வீட்டு மாமா கசெட்டை வெளியே எடுத்தார்.

"மத்தப் பக்கத்தையும் போடுவமே. என்ன ஒளிப்பு?"

சனம் தலையாட்டியது. சின்னம்மா எழும்பிப்போய் அவர் கையில் இருந்த கசெட்டை வாங்கினார்.

"புள்ளைக்குப் பாட்டுப் பதிஞ்சு அனுப்பியிருக்கா. அரபிப் பாட்டு. நமக்கு விளங்காது மாமா."

அப்படியே என் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு ரேடியோவ வாங்கித் தாறன், அறைக்குள்ள வெச்சுக் கேளு" என்றார். நான் மாட்டேன் என்றேன். என் பேச்சை ஊருக்குக் கொடுத்தவரின் பேச்சு எனக்கு எதற்கு? சின்னம்மா வற்புறுத்தவில்லை. சின்னப் பிள்ளையின் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்திருப்பார். அவர் எனக்குச் செய்த ஒரேயொரு பிழை அது.

சனிக்கிழமை தோணியில் படுவான்கரைக்குப் போனேன். கதிர் பால் பிடிக்கும் நேரம். வயல் வட்டை முழுவதும் குருவி. அயல் வயல்காரர்கள் பழுதான கசெட்டுகளின் நாடாவை உருவி, தடிக்குத் தடி இழுத்துக் கட்டியிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், முறுக்கிக் கட்டினால் காற்றுக்கு அது ஊம்ம் என்று இரையும், வெயிலில் மின்னும், குருவி வராது. எங்கள் வயலில் மட்டும் நாடா இல்லை. அப்பா தகரத்தைத் தட்டித் தட்டிக் களைத்துப்போய் இருந்தார். நான் பையிலிருந்து கசெட்டை எடுத்து நீட்டினேன்.

"இது அம்மாட கசெட் இல்லையா?"

"ஓம்."

"கேட்டு முடிஞ்சா?"

"முடிஞ்சு."

"மத்தப் பக்கமும்?"

"ஓம். ரெண்டு பக்கமும்."

அப்பா நம்பினார். பிள்ளை பொய் சொல்லும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். நாடாவின் நுனியை நான் பிடித்துக்கொண்டேன், அவர் வரம்பால் நடந்து நடந்து உருவினார். மண்ணிற நாடா, கையில் வழுக்கியது, சோப்பு மணத்தது. இவ்வளவு நீளமா என்று எனக்கு ஆச்சரியம். வயலின் நாலு பக்கமும் கட்டியும் மிஞ்சியது. காற்று வந்ததும் எல்லாம் ஒன்றாக இரையத் தொடங்கின. அப்பா காதைக் கொடுத்துக் கேட்டுச் சிரித்தார்.

"உன்ட அம்மா கூப்பிடுறா, கேக்குதா?"

எனக்கு அப்போது பயம் வந்தது. ஆனாலும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. எனக்கு வென்ற மாதிரியும் இருந்தது. திரும்பி வரும்போது வெறும் கசெட் கூட்டைத் தோணியில் இருந்து வாவிக்குள் போட்டேன். அம்மா வரைந்த எழுத்துகளோடு அது தாழ்ந்தது. மாசியில் அறுத்த கதிரை மாடு கட்டிச் சூடு மிதித்தபோது களவெட்டியில் வைக்கோலுக்குள் மண்ணிறத் துண்டுகள் கிடந்தன. மாடுகள் அவற்றையும் மிதித்தன.

அம்மா இரண்டு வருடம் கழித்து வந்தார். மெலிந்து, முன்பைவிடக் குறைவாகப் பேசுகிற ஆளாக. வந்து மூன்றாம் நாள் கிணற்றடியில் எனக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"மகள், மத்தப் பக்கத்தக் கேட்டியா?"

தண்ணீர் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

"கேட்டன்."

"தனியவா?"

"ஓம்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் இருவருக்குள்ளும் பேச்சே இல்லை.

அவர் கொண்டுவந்த சாமான்களுக்குள் ஒரு பித்தளைக் கொண்டி இருந்தது. ஓடு வாங்குவதற்கு முன்பே ஆசாரியைக் கூப்பிட்டு அதை அறைக் கதவின் உள்பக்கத்தில் பூட்டுவித்தார். படுக்கப் போகுமுன் கொண்டியைப் போட்டுவிட்டு, கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். சண்டை நடந்த கெட்ட காலத்தில் இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடினோம். இரண்டு தடவையும் திரும்பி வந்து, கூரையைப் பார்க்காமல் முதலில் அந்தக் கொண்டியைத்தான் பார்த்தார். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். "இவட வீட்டில தங்கம் கிடக்கு" என்றார்கள். அந்த நேரங்களில் அம்மா என்னைப் பார்ப்பார். உனக்குத் தெரியும்தானே என்று கேட்கிற பார்வை. நான் தெரியும் என்பதுபோலத் தலையைக் குனிவேன். வேறென்ன செய்ய?

என் கலியாணத்தில் பந்தி முடிந்து இருந்தபோது எதிர்வீட்டு மாமி தானாகவே பழைய கதையை எடுத்தார். அவருக்கு அது ஒரு வேடிக்கையான நினைவு.

"உன்ட அம்மாக்கு அங்க ஒரு அறை இருந்ததா புள்ள? குசினிக்குப் பக்கத்தில சாமான் வைக்கிற இடத்திலதான் படுக்கிற. கதவும் இல்ல, ரேடியோவும் இல்ல. என்ட சின்ன ரேடியோவத்தான் மதிலால குடுத்து வாங்கிற. உன்ட கசெட் வந்த நேரம், காதோட வெச்சு நான் மட்டும் கேக்கிறன் அக்கா எண்டு கெஞ்சினா. நான்தான், நமக்குள்ள என்ன ஒளிப்பு எண்டு சத்தமா வெச்சன். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க எண்டு காலப் புடிக்காத குறை. நான் நல்லதுக்குத்தானே புள்ள சொன்னன், எள்ளு நல்ல மருந்து."

எட்டு வருடம் ஆளை மாற்றிக் கோபித்திருக்கிறேன். மாமியைக் கோபிப்பதற்கும் முடியவில்லை, அவர் என் கையில் ஒரு பவுண் மோதிரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அம்மா ஊருக்குக் கொடுக்கவில்லை. அம்மா சொன்னதைத்தான் நான் குருவிக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை அம்மா, இப்போது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று விட்டேன். நாள் போகப் போக, கேட்கவில்லை என்று சொல்வது கேட்காததைவிடப் பெரிய துரோகமாகிவிட்டது.

கதவில்லாத இடத்தில் படுத்த ஒரு பெண் பத்து வயது மகளுக்கு மட்டும் என்று என்ன சொல்லியிருப்பார்? பாய் நனைந்தால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பித்தளைக் கொண்டியைப் பார்த்தால் அப்படி நினைக்க முடியவில்லை. அதற்குமேல் ஊகிக்க எனக்குப் பயம்.

அம்மா போன வருடம் காலமானார். கடைசிக் கிழமை ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருந்து தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன். மகள் அடுத்த அறையில் போனில் இருந்தாள். அம்மா கதவைப் பார்த்தார்.

"கொண்டியப் போடு மகள்."

எழும்பிப் போய்ப் போட்டேன். இழுத்துக் காட்டினேன். திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கசெட்டுக்குப் புறகு நான் ஒருத்தருக்கும் அதச் சொல்லல்ல. உன்ட அப்பாக்கும் சொல்லல்ல. சொல்ல வேண்டிவரல்ல. உனக்குத் தெரியும் எண்டதாலதான் நான் தனிய இருக்கல்ல மகள்."

சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. கதவும் பூட்டியிருந்தது, கேட்க வேறு ஆளும் இல்லை.

"ஓம் அம்மா, தெரியும்" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார், முகத்தில் ஒரு நிம்மதி. நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் தனியாகத்தான் இருந்தார். அது அவருக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.